ஆய்வாளர்களுக்கான அமெரிக்க கிரீன் கார்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வகங்களிலும் பணியாற்றும் தமிழ் ஆய்வாளர்கள் கிரீன் கார்டு பற்றிப் பேசும்போது தகுதியையும் வரிசையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். உங்கள் ஆய்வு அந்த அளவுக்குச் சிறந்ததா என்பது தகுதி. உங்கள் முறை எப்போது வரும் என்பது வரிசை. முதலாவது உங்கள் கோப்பில் இருக்கிறது. இரண்டாவது நீங்கள் பிறந்த நாட்டையும் மனு போட்ட நாளையும் பொறுத்தது. இரண்டையும் பிரித்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கீழே உள்ளவை பொதுவான விளக்கங்கள்தான். கட்டணமும் விதிகளும் அடிக்கடி மாறுவதால், மனு போடும் வாரத்தில் அரசு இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஆய்வாளர்களுக்கு எத்தனை வழிகள் இருக்கின்றன?

முக்கியமானவை மூன்று. அசாதாரணத் திறன் கொண்டவர்களுக்கான இபி-1ஏ, சிறந்த பேராசிரியர்கள் மற்றும் ஆய்வாளர்களுக்கான இபி-1பி, தேசிய நலன் கருதி வேலைவாய்ப்புக் கடிதத்திலிருந்து விலக்கு அளிக்கும் என்.ஐ.டபிள்யூ. இபி என்பது வேலைவாய்ப்பு அடிப்படையிலான கிரீன் கார்டுப் பிரிவுகளின் பெயர்; கடைசியாகச் சொன்னது இபி-2 பிரிவுக்குள் வருகிறது. மூன்றிலும் தொழிலாளர் துறையின் சான்றிதழ் தேவையில்லை. அதாவது, "இந்த வேலைக்கு அமெரிக்கர் யாரும் கிடைக்கவில்லை" என்று விளம்பரம் போட்டு நிரூபிக்க வேண்டியதில்லை.

நான்காவதாக ஒரு வழியும் இருக்கிறது. வகுப்பில் பாடம் நடத்தும் ஆசிரியப் பணிக்குத் தேர்வானவர்களுக்குப் பல்கலைக்கழகம் தொழிலாளர் சான்றிதழைச் சிறப்பு முறையில் பெறலாம். மற்ற வேலைகளில் குறைந்தபட்சத் தகுதியுள்ள ஓர் அமெரிக்கர் விண்ணப்பித்தாலே சான்றிதழ் கிடைக்காது. இங்கே, வந்த விண்ணப்பங்களில் நீங்களே மிகத் தகுதியானவர் என்று காட்டினால் போதும். ஆனால் தேர்வான நாளிலிருந்து 18 மாதங்களுக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர்கள் இந்தக் கெடுவைக் கவனிக்காமல் விட்டுவிடுவது வருத்தமான விஷயம். சேர்ந்த முதல் மாதத்திலேயே பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

இபி-1பி யாருக்குப் பொருந்தும்?

ஒரு குறிப்பிட்ட கல்வித் துறையில் சர்வதேச அளவில் சிறந்தவர் என்று அறியப்பட்டவருக்கு. அந்தத் துறையில் குறைந்தது மூன்று ஆண்டுகள் கற்பித்த அல்லது ஆய்வு செய்த அனுபவம் வேண்டும். மனுவை நீங்களே போட முடியாது, நிறுவனம்தான் போட வேண்டும்.

வேலையும் நிரந்தரத் தன்மை கொண்டதாக இருக்க வேண்டும். ஆசிரியப் பணி என்றால் டென்யூர் (நிரந்தரப் பணி உரிமை) அல்லது டென்யூருக்கு வழிவகுக்கும் பதவி. ஆய்வுப் பணி என்றால் காலவரையறை இல்லாத, தொடர்ந்து நீடிக்கும் என்று எதிர்பார்க்கத்தக்க பதவி. ஒப்பந்தம் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது மட்டுமே தடையாகிவிடாது; தொடர்ந்து வேலை கொடுக்கும் எண்ணம் நிறுவனத்துக்கு இருப்பதைக் காட்டினால் போதும். தனியார் நிறுவனமும் மனு போடலாம். ஆனால் அங்கே குறைந்தது மூன்று முழுநேர ஆய்வாளர்கள் இருக்க வேண்டும், ஆய்வில் ஆவணப்படுத்தப்பட்ட சாதனைகளும் இருக்க வேண்டும்.

ஒரு சிறிய விஷயத்தில் பலர் சறுக்குகிறார்கள். குடிவரவுத் துறைக்கு முகவரியிட்டு "இவர் எங்களிடம் வேலை செய்கிறார்" என்று எழுதும் கடிதம் வேலைவாய்ப்புக் கடிதமாகாது. ஆய்வாளரான உங்களுக்கு, பதவியின் பெயரையும் தன்மையையும் சொல்லி நிறுவனம் எழுதிய நியமனக் கடிதமே கோப்பில் இருக்க வேண்டும்.

இபி-1பியின் ஆறு அளவுகோல்கள் எவை?

துறையில் பெரிய பரிசுகள், சிறந்த சாதனையாளர்களை மட்டுமே சேர்க்கும் அமைப்புகளில் உறுப்பினர் பதவி, உங்கள் ஆய்வைப் பற்றி மற்றவர்கள் தொழில்முறை இதழ்களில் எழுதியவை, மற்றவர்களின் ஆய்வை மதிப்பிட்ட அனுபவம், சொந்தமான ஆய்வுப் பங்களிப்புகள், சர்வதேச அளவில் வாசிக்கப்படும் ஆய்விதழ்களில் கட்டுரைகள் அல்லது புத்தகங்கள். இவற்றில் குறைந்தது இரண்டு வேண்டும்.

பெரும்பாலான ஆய்வாளர்களின் மனு கடைசி மூன்றையே நம்பி நிற்கிறது. அதில் தவறில்லை. சந்தா கட்டினால் கிடைக்கும் சங்க உறுப்பினர் பதவியையும் மாணவப் பருவத்துப் பயண உதவித்தொகையையும் இழுத்து வந்து பட்டியலை நீட்டாதீர்கள். பலவீனமான சான்று தானும் நிற்காது, பக்கத்திலிருக்கும் நல்ல சான்றின் மதிப்பையும் குறைத்துவிடும்.

முனைவர் பட்டத்துக்காகச் செய்த ஆய்வு மூன்று ஆண்டுக் கணக்கில் சேருமா?

நிபந்தனையோடு சேரும். பட்டம் கிடைத்திருக்க வேண்டும். அந்த ஆய்வு துறையில் சிறந்தது என்று அங்கீகரிக்கப்பட்டிருக்க வேண்டும். கற்பித்தல் என்றால், வகுப்பின் முழுப் பொறுப்பும் உங்களுடையதாக இருந்திருக்க வேண்டும். பேராசிரியருக்கு உதவியாக விடைத்தாள் திருத்தியது கணக்கில் வராது. போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) ஆண்டுகள் சேரும்.

போஸ்ட்டாக் பதவியில் இருந்தபடியே விண்ணப்பிக்கலாமா?

இபி-1பியில் பெரும்பாலும் முடியாது. போஸ்ட்டாக் என்பது வரையறுக்கப்பட்ட காலத்துக்கான பயிற்சிப் பதவி. இபி-1ஏ, என்.ஐ.டபிள்யூ. இரண்டுக்கும் நிறுவனத்தின் கையெழுத்து தேவையில்லை என்பதால் போஸ்ட்டாக் ஆய்வாளர்கள் அந்த வழியில்தான் போகிறார்கள்.

இபி-1ஏ உண்மையில் நோபல் பரிசு பெற்றவர்களுக்கு மட்டும்தானா?

இல்லை. நோபல் போன்ற ஒரே ஒரு பெரும்பரிசு இருந்தால் வேறெதுவும் வேண்டாம் என்று விதி சொல்கிறது. பரிசு இல்லாதவர்கள் பத்து அளவுகோல்களில் குறைந்தது மூன்றைக் காட்ட வேண்டும். இபி-1பியில் உள்ளவற்றை ஒத்தவையோடு முக்கியப் பொறுப்பு, உயர்ந்த ஊதியம், கண்காட்சி, கலைத் துறை வெற்றி போன்றவையும் இந்தப் பத்தில் அடங்கும்.

மூன்றைக் காட்டியதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. 2010-இல் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் கசாரியன் என்ற இயற்பியலாளரின் வழக்கில் கொடுத்த தீர்ப்பிலிருந்து மனுக்கள் இரண்டு படிகளாகப் பார்க்கப்படுகின்றன. முதல் படியில், சான்று அளவுகோலின் சொற்களுக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். கட்டுரை வெளியாகியிருந்தால் வெளியானதுதான்; அதை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று அந்தப் படியிலேயே கேட்கக் கூடாது என்றது நீதிமன்றம். இரண்டாம் படியில்தான் கோப்பு முழுவதையும் சேர்த்து வைத்து, இவர் துறையின் உச்சியில் இருக்கும் சிலரில் ஒருவரா என்று எடைபோடுகிறார்கள். கசாரியனின் மனு இந்த விளக்கத்துக்குப் பிறகும் தேறவில்லை. மூன்று தேவைப்பட்ட இடத்தில் அவரிடம் இரண்டே அளவுகோல்கள் இருந்தன.

இபி-1பியும் இதே இரண்டு படிகளில்தான் பார்க்கப்படுகிறது. ஆனால் அங்கே "சிறந்தவர்" என்றால் போதும், "உச்சியில் இருப்பவர்" என்று நிரூபிக்க வேண்டியதில்லை. நிறுவனம் மனு போட முன்வந்தால் அதை வாங்கிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

எத்தனை மேற்கோள்கள் இருந்தால் போதும்?

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. விதியில் எந்த எண்ணும் இல்லை. ஒரு கணிதவியலாளர் பத்து ஆண்டுகளில் பெறும் மேற்கோள்களை ஒரு புற்றுநோய் ஆய்வாளர் ஒரே ஆண்டில் பெற்றுவிடலாம். ஆகவே மொத்த எண்ணிக்கையைத் தனியாகச் சொல்வதில் பயனில்லை. அதே துறையில் அதே ஆண்டில் வெளியான கட்டுரைகளோடு ஒப்பிட்டு உங்கள் கட்டுரை மேல்வரிசையில் எங்கே நிற்கிறது என்று காட்ட வேண்டும். முதல் ஒரு சதவீதத்திலா, பத்து சதவீதத்திலா? இதற்கான தரவுகளைக் கிளாரிவேட் போன்ற நிறுவனங்களின் தரவுத்தளங்கள் தருகின்றன.

அதைவிட முக்கியமானது, மேற்கோள் எப்படிக் காட்டப்பட்டிருக்கிறது என்பது. ஒரு கட்டுரையின் முன்னுரையில் பதினைந்து பெயர்களோடு உங்கள் பெயரும் அடைப்புக்குறிக்குள் நசுங்கிக் கிடந்தால் அதற்குப் பெரிய மதிப்பில்லை. இன்னொரு நாட்டு ஆய்வகம் தன் செய்முறைப் பகுதியில் "இந்த அளவீட்டுக்கு இன்னாரின் முறையைப் பின்பற்றினோம்" என்று எழுதியிருந்தால், உங்கள் ஆய்வு அவர்களின் வேலைக்குள் நுழைந்துவிட்டது. அந்த ஒரு வரி நூறு மேற்கோள்களுக்குச் சமம். உங்களை மேற்கோள் காட்டிய கட்டுரைகளைப் பொறுமையாகப் படித்து இப்படிப்பட்ட ஐந்தாறு இடங்களைத் தேடி எடுங்கள். பத்தியைக் குறியிட்டு, கட்டுரையின் முதல் பக்கத்தோடு இணைத்து, அது ஏன் முக்கியம் என்று இரண்டு வரியில் எளிய மொழியில் எழுதுங்கள். வழக்கறிஞரால் இந்த வேலையைச் செய்ய முடியாது. எந்த மேற்கோள் கனமானது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

கோப்பைப் படிக்கும் அதிகாரி உங்கள் துறையைச் சேர்ந்தவர் அல்ல. அறிவார்ந்த ஓர் அந்நியர் படித்தால் புரிய வேண்டும் என்பதை ஒவ்வொரு பக்கத்திலும் மனதில் வையுங்கள்.

பரிந்துரைக் கடிதங்களை யாரிடம் கேட்க வேண்டும்?

வழிகாட்டியிடமும் உடன் ஆய்வு செய்தவர்களிடமும் ஒன்றிரண்டு வாங்குங்கள். நீங்கள் எந்தப் பகுதியைச் செய்தீர்கள் என்று அவர்களால்தான் சொல்ல முடியும். மீதமுள்ளவை உங்களோடு வேலை செய்யாத, உங்கள் கட்டுரைகளின் வழியாக மட்டுமே உங்களை அறிந்தவர்களிடமிருந்து வர வேண்டும். சர்வதேச அங்கீகாரம் என்பதை நிறுவ வேறு நாட்டவர் எழுதியவையும் இருப்பது நல்லது.

கடிதத்தின் உள்ளடக்கத்தில் இருக்கும் வித்தியாசத்தை ஓர் எடுத்துக்காட்டோடு பாருங்கள். "இவர் தலைசிறந்த ஆய்வாளர். இவருடைய கட்டுரைகள் துறையில் பெரும் தாக்கத்தை ஏற்படுத்தியுள்ளன." இதை யார் வேண்டுமானாலும் யாரைப் பற்றியும் எழுதலாம். இன்னொன்று: "நிலத்தடி நீரில் ஆர்செனிக் அளவைக் கண்டறிய எங்கள் குழுவுக்கு ஒரு மாதிரிக்கு இரண்டு நாள் பிடித்தது. இவர் வெளியிட்ட முறைக்கு மாறிய பிறகு ஒரு மணி நேரத்தில் முடிகிறது. எங்கள் அடுத்த இரண்டு கட்டுரைகளின் தரவுகளும் இந்த முறையில் எடுக்கப்பட்டவை." இதில் பாராட்டுச் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் அதிகாரியின் கையில் சரிபார்க்கத்தக்க ஓர் உண்மை இருக்கிறது. அந்த இரண்டு கட்டுரைகளையும் கோப்பில் இணைத்துவிட்டால் கடிதம் ஆவணத்தின் மேல் நிற்கிறது. ஆவணம் இல்லாமல் கடிதங்களை மட்டும் அடுக்கிய மனுக்கள் பெரும்பாலும் தடுமாறுகின்றன.

எல்லாக் கடிதங்களும் ஒரே நடையில், ஒரே சொற்றொடர்களோடு இருந்தால் அதிகாரிக்குச் சந்தேகம் வரும், வர வேண்டியதுதான். குறிப்புகளைக் கொடுங்கள், எழுதுவதை அவர்களிடமே விடுங்கள்.

ஆய்விதழ்களுக்கு மதிப்பீட்டாளராக இருந்தது கணக்கில் வருமா?

வரும். ஆனால் அழைப்பு வந்த மின்னஞ்சல் போதாது. மதிப்பீட்டை முடித்து அனுப்பியதற்கு இதழிடமிருந்து உறுதிக்கடிதம் வேண்டும். முனைவர் பட்ட ஆய்வேட்டுக் குழுவில் இருந்ததும் சேரும். அளவுகோலைத் தாண்ட இது உதவும். இரண்டாம் படியில் கனம் சேர்க்க வேண்டுமென்றால் இதழாசிரியர் குழுவில் இடம், ஆய்வு நிதி வழங்கும் குழுவில் பங்கு போன்றவை வேண்டும்.

என்.ஐ.டபிள்யூ. மனுவில் எதைக் காட்ட வேண்டும்?

2016 டிசம்பரில் தனசார் என்பவரின் மனுவில் குடிவரவுத் துறையின் மேல்முறையீட்டு அலுவலகம் வெளியிட்ட முடிவு மூன்று கேள்விகளை வைத்தது. நீங்கள் செய்யப்போகும் முயற்சிக்குக் கணிசமான மதிப்பும் தேசிய முக்கியத்துவமும் இருக்கின்றனவா? அதை முன்னெடுத்துச் செல்லும் நிலையில் நீங்கள் இருக்கிறீர்களா? வேலைவாய்ப்புக் கடிதமும் தொழிலாளர் சான்றிதழும் வேண்டாம் என்று விலக்கு அளிப்பது, எல்லாவற்றையும் சீர்தூக்கினால், அமெரிக்காவுக்கு நன்மையா?

தனசார் விண்வெளிப் பொறியியல் ஆய்வாளர், கற்பிக்கவும் விரும்பியவர். அவருடைய அதிவேக உந்துவிசை ஆய்வுக்குத் தேசிய முக்கியத்துவம் உண்டு என்று மேல்முறையீட்டு அலுவலகம் ஏற்றுக்கொண்டது. அவர் வகுப்பில் கற்பிப்பதற்கு அதே முக்கியத்துவம் நிறுவப்படவில்லை என்றது. கல்வி மதிப்பற்றது என்பதல்ல இதன் பொருள். ஒரு வகுப்பறையைத் தாண்டி நாட்டின் கல்வி முறையையே தொடும் விளைவு அந்தக் கோப்பில் காட்டப்படவில்லை. ஆகவே "நான் பேராசிரியராகப் பணியாற்றுவேன்" என்று முயற்சியை வரையறுக்காதீர்கள். எந்தச் சிக்கலை எந்த முறையில் தீர்க்கப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள்.

எந்த மனுவை முதலில் போடுவது?

இங்கேதான் வரிசை வருகிறது. 1990-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி வேலைவாய்ப்பு அடிப்படையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000 கிரீன் கார்டுகள். இபி-1, இபி-2 ஒவ்வொன்றுக்கும் அதில் 28.6 சதவீதம். மனைவி, கணவன், குழந்தைகளும் இதே கணக்கில் அடங்குவார்கள். எந்த ஒரு நாட்டுக்கும் பொதுவாக 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இபி-2 வரிசை பத்தாண்டுக்கும் மேலாகப் பின்தங்கிக் கிடப்பது இதனால்தான். இபி-1 வரிசையிலும் காத்திருப்பு உண்டு, ஆனால் அது சில ஆண்டுகள்.

தொழிலாளர் சான்றிதழ் தேவையில்லாத மனுக்களில், மனுவுக்கான ஐ-140 படிவம் முறையாகப் போய்ச் சேர்ந்த நாளே உங்கள் முன்னுரிமைத் தேதி, அதாவது வரிசையில் உங்கள் இடம். மனு ஏற்கப்பட்டுவிட்டால், மோசடி அல்லது அடிப்படைத் தவறு காரணமாக ரத்தாகாத வரை, அந்தத் தேதியைப் பின்னர் போடும் இபி-1, இபி-2, இபி-3 மனுக்களுக்கும் எடுத்துச் செல்லலாம். இதன் பலன் பெரியது. 2023-இல் என்.ஐ.டபிள்யூ. மனு போட்டு ஒப்புதல் பெற்றவர் 2026-இல் இபி-1பி மனு போட்டால், இபி-1 வரிசையில் 2023-ஆம் ஆண்டுத் தேதியோடு நிற்கலாம்.

எனவே என் உறுதியான கருத்து இது: இந்தியாவில் பிறந்த ஆய்வாளர், இபி-1 தரத்துக்குக் கோப்பு வளரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. என்.ஐ.டபிள்யூவுக்குத் தகுதி வந்தவுடன் போட்டுத் தேதியைப் பிடித்துவிட வேண்டும். பல மனுக்களை ஒரே நேரத்தில் வைத்திருக்கவும் தடையில்லை.

ஒப்புதல் பெற்ற ஐ-140 கையில் இருந்தால் வேறு பயன்களும் உண்டு. தேதி இன்னும் வராதவர்கள் எச்-1பி என்ற தற்காலிக வேலை விசா நிலையை ஆறு ஆண்டுகளுக்கு அப்பாலும் மூன்று மூன்று ஆண்டுகளாக நீட்டிக்கலாம். அவர்களைச் சார்ந்து எச்-4 விசாவில் இருக்கும் வாழ்க்கைத்துணை வேலை அனுமதி கேட்கலாம்.

குடியுரிமை வேறு நாட்டுடையது என்றால்?

வரிசை பிறந்த நாட்டை வைத்தே தீர்மானிக்கப்படுகிறது. சென்னையில் பிறந்து சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவர் இந்திய வரிசையில்தான் நிற்பார். யாழ்ப்பாணத்திலோ கோலாலம்பூரிலோ பிறந்தவருக்கு இந்திய வரிசை கிடையாது. மாதந்தோறும் வெளியாகும் விசா புல்லட்டினில் "மற்ற நாடுகள்" என்ற பத்தியைப் பார்க்க வேண்டும். வாழ்க்கைத்துணை வேறு நாட்டில் பிறந்திருந்தால் அந்த நாட்டின் வரிசையைப் பயன்படுத்திக்கொள்ளலாம். பெற்றோரின் நாட்டையோ பிள்ளைகள் பிறந்த நாட்டையோ அப்படிப் பயன்படுத்த முடியாது என்று எண்ணிக்கொள்ளுங்கள். விதிவிலக்குகள் மிக அரிது.

ஜே-1 விசாவில் இருக்கிறேன். தடை உண்டா?

ஜே-1 என்பது பரிமாற்றத் திட்ட விசா. அதில் அரசு நிதியில் வந்தவர்களுக்கும், தாய்நாட்டுக்குத் தேவை என்று அமெரிக்க அரசு வெளியிடும் திறன் பட்டியலில் துறை இடம்பெற்றவர்களுக்கும் இரண்டு ஆண்டுகள் தாய்நாட்டில் வசிக்க வேண்டும் என்ற நிபந்தனை பொருந்தலாம். 2024 டிசம்பரில் வெளியான திருத்தப்பட்ட பட்டியலில் இந்தியா இல்லை. ஆனால் ஃபுல்பிரைட் போன்ற அரசு நிதி பெற்றவர்களுக்கு நிபந்தனை அப்படியே இருக்கிறது. நிபந்தனை இருந்தாலும் ஐ-140 போடலாம். அதற்கு விலக்கு வாங்கும் வரை கிரீன் கார்டு விண்ணப்பமான ஐ-485 மட்டும் போட முடியாது. ஜே-1 விசாவில் இருப்பவர் ஐ-140 போட்ட பிறகு தூதரகத்தில் விசா புதுப்பிக்கப் போனால் சிக்கல் வரலாம். பயணத் திட்டத்தை அதற்கேற்ப வகுத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நாள் ஆகும், எவ்வளவு செலவு?

கூடுதல் கட்டணம் கட்டி விரைவுச் சேவையைக் கேட்டால் இபி-1ஏ, இபி-1பி மனுக்களுக்கு 15 வேலை நாட்களிலும் என்.ஐ.டபிள்யூவுக்கு 45 வேலை நாட்களிலும் ஏதாவது ஒரு பதில் வரும். பதில் என்றால் ஒப்புதல் என்று பொருளல்ல. கூடுதல் சான்று கேட்கும் கடிதமாகவும் இருக்கலாம். 2024 ஏப்ரலில் ஐ-140 கட்டணம் 715 டாலராக நிர்ணயிக்கப்பட்டது. அதோடு நிறுவனங்களுக்கு 600 டாலர், சிறு நிறுவனங்களுக்கும் சொந்தமாக மனு போடுபவர்களுக்கும் 300 டாலர் தனிக் கட்டணம். லாப நோக்கற்ற பல்கலைக்கழகங்களுக்கு இந்தத் தனிக் கட்டணம் இல்லை.

கூடுதல் சான்று கேட்டுக் கடிதம் வந்தால்?

பதறாதீர்கள். அதிகபட்சம் பன்னிரண்டு வாரங்கள் தருவார்கள். பதிலை ஒரே தவணையில்தான் அனுப்ப முடியும். கடிதத்தை வரி வரியாகப் படித்து, எந்த அளவுகோலை ஏற்றுக்கொண்டார்கள், எதை ஏற்கவில்லை என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஏற்றுக்கொண்டதற்கு மறுபடியும் பக்கங்களைச் செலவழிக்க வேண்டாம். பெரும்பாலும் கேள்வி ஒன்றுதான்: ஆய்வு நல்லதுதான், அதனால் துறையில் என்ன மாறியது?

மனு நிராகரிக்கப்பட்டால் எதிர்காலம் பாதிக்குமா?

தடை எதுவும் இல்லை. மேல்முறையீடு செய்யலாம், அல்லது கோப்பைப் பலப்படுத்திப் புதிதாகப் போடலாம். இரண்டாவதுதான் பல நேரங்களில் விரைவானது. ஆனால் நிராகரிக்கப்பட்ட மனுவின் தேதி உங்களுக்குக் கிடைக்காது.

நடுவில் வேலை மாறினால்?

இபி-1ஏ, என்.ஐ.டபிள்யூ. மனுக்கள் உங்களுடையவை, அதே துறையில் தொடரும் வரை கவலையில்லை. இபி-1பி நிறுவனத்துடையது. ஐ-485 போட்டு 180 நாட்கள் ஆன பிறகு அதே அல்லது ஒத்த தன்மையுள்ள வேலைக்கு மாறலாம். அதற்கு முன் மாறினால் புதிய நிறுவனம் புதிய மனு போட வேண்டும். பழைய முன்னுரிமைத் தேதி கூடவே வரும்.

மகனுக்கு 21 வயது நெருங்குகிறது. என்ன செய்வது?

உடனே கணக்குப் போடுங்கள். குழந்தைகள் நிலைப் பாதுகாப்புச் சட்டம் 2002-இல் வந்தது. அதன்படி, விசா எண் கிடைக்கும் நாளில், அதாவது வரிசையில் முறை வரும் நாளில், பிள்ளையின் வயதிலிருந்து ஐ-140 பரிசீலனையில் இருந்த நாட்களைக் கழிக்கிறார்கள். ஆகவே விரைவுச் சேவையில் பதினைந்தே நாட்களில் ஒப்புதல் வாங்கினால் கழிப்பதற்கும் பதினைந்தே நாட்கள்தான் இருக்கும். வரிசையில் எப்படியும் காத்திருக்கப்போகிற குடும்பத்துக்கு, பிள்ளையின் வயதைப் பொறுத்தவரை, சாதாரணப் பரிசீலனையின் தாமதமே நன்மையாக முடியலாம். இதை மட்டும் வழக்கறிஞரோடு உட்கார்ந்து, தேதிகளை எழுதிவைத்துக்கொண்டு முடிவுசெய்யுங்கள்.

ஐ-485 நிலுவையில் இருக்கும்போது வெளிநாட்டு மாநாட்டுக்குப் போகலாமா?

செல்லுபடியாகும் எச்-1பி விசாவும் அதே வேலையும் இருந்தால் போய்வரலாம். ஜே-1, ஓ-1 (அசாதாரணத் திறனாளர்களுக்கான தற்காலிக விசா) போன்ற நிலைகளில் இருப்பவர்கள் முன்கூட்டிய பயண அனுமதி கைக்கு வந்த பிறகே விமானம் ஏற வேண்டும். விண்ணப்பித்திருந்தால் போதாது. அனுமதி வருவதற்குள் நாட்டை விட்டு வெளியேறினால் ஐ-485 கைவிடப்பட்டதாகக் கருதப்படும். மாநாட்டு அமைப்பாளர்களிடம் இணையவழியில் பேச இடம் கேளுங்கள், பெரும்பாலும் தருகிறார்கள்.